காதில் சொல்ல வேண்டியது

1969 மார்ச் 18, செவ்வாய்

புளி உடைக்க ஆட்கள் வந்தார்கள். பாதியில், கஸ்பாருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று செய்தி வந்தது. கையைக் கழுவியும் புளி வாசம் போகவில்லை. அப்படியே போனேன்.

எங்கள் ஊருக்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போகிறவர். சாவு அவர் வருகிற நாள் பார்த்து வருவதில்லை. அதனால் சாகிறவர் காதில் மந்திரம் சொல்கிற வேலை என் மாமியாருக்கு இருந்தது, அவருக்குப் பிறகு எனக்கு. மற்றவர்கள் தள்ளி முழங்காலில் நின்று சத்தமாகச் செபமாலை சொல்வார்கள். நான் மட்டும் தலைமாட்டில் குனிந்து காதோடு காதாகச் சொல்வேன். அது போகிறவர் காதுக்கு மட்டும். பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்கக் கூடாது, அதுதான் முறை.

கஸ்பார் நல்லபடியாகப் போனார். நான் சொல்லி முடிக்கவும் மூச்சு அடங்கவும் சரியாக இருந்தது. அவர் மகள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்து ஐந்தாவது. லத்தீன் மந்திரம்கூட எழுத்துப் பிசகாமல் வரும். இந்தப் பக்கத்தில் வேறு எவளாவது சொல்லட்டும், பார்ப்போம்.

திரும்பும்போது வியாகுலம் கூட வந்தாள். நானும் அவளும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். "ஏண்டி மிக்கேலு, எனக்கும் நீதான சொல்லுவ? எனக்கு முன்னால நீ போய்ட்டீன்னா நான் எவகிட்டடி போவேன்" என்றாள். உன் நாக்குக்கு எமனே பயப்படுவான், நீ இப்போதைக்குப் போகமாட்டாய் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

அருள்சாமி புதுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறான். என் ஒரே மகன். இந்த ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் உபதேசியார். சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கிறவன். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த மந்திரத்தைத்தான்.

இப்போது எல்லாம் மாறுகிறதாம். சர்வேசுரன் இருந்த இடத்தில் கடவுள். பிதா இருந்த இடத்தில் தந்தை. கோயிலில் ஊரே தடுமாறியது. நான் வேண்டுமென்றே பழையதைச் சத்தமாகச் சொன்னேன். பாதிப் பேர் என் பின்னால் வந்துவிட்டார்கள். அவன் முகம் சுருங்கிப்போனது.

வீட்டில் பேச்சு வளர்ந்தது. அர்த்தம் புரிந்து சொல்ல வேண்டும் என்றுதான் மாற்றியிருக்கிறார்கள் என்றான். புரிந்தால் என்ன ஆகும்? சர்வேசுரன் என்று சொன்னால் வாய் நிறைகிறது. கடவுள் என்றால் பக்கத்துக் காட்டுத் தீர்த்தகிரியும் அதையேதான் சொல்கிறான்.

"எந்தப் பேரும் அவருக்குப் பத்தாதும்மா. பழசும் பத்தாது, புதுசும் பத்தாது."

"பத்தாத பேரச் சொல்லிக் குடுக்கவாடா சம்பளம் வாங்கற?"

மருமகள் லூர்து களிப் பானையை இறக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். பெண்டாட்டி சிரிக்கிறாள் என்று அவனும் சிரித்துவிட்டான். இன்றைக்கு ஜெயித்தது நான்தான்.

ஏப்ரல் 4, பெரிய வெள்ளி

கோயிலில் இயேசுவின் பாடுகள் வாசிக்கும்போது அருள்சாமிக்குக் குரல் பாதியில் கரகரத்து நின்றுவிட்டது. இரண்டு மாதமாகவே இப்படி. பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9

தருமபுரி ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டர் லூர்துவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடத்தூரில் இறங்கின பிறகுதான் கேட்டேன். "கட்டிங்க அத்தை. வேலூருக்குப் போவச் சொல்றாங்க" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் வேறு ஒரு வார்த்தை வரும்.

அக்டோபர் 20, வேலூர்

பொம்மிடியில் ரயிலேறி வந்தோம். கட்டியைக் கருக்க அவனுக்குக் கரண்டு வைக்கிறார்கள். கழுத்து கறுத்து அடுப்புச் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

வராந்தாவில் படுக்கை. வரிசையாக எங்களைப் போன்றவர்கள். ஒருத்தி முருகா முருகா என்கிறாள். ஒரு பாய் வீட்டம்மாள் மணி உருட்டுகிறாள். ஆந்திரத்துக் கிழவி ஒருத்தி தெலுங்கில் என்னவோ. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எல்லாம் ஒரே சத்தம்தான், வலிக்கிறவன் முனகுவது மாதிரி. அப்படியென்றால் நான் சொல்வதும் அவர்களுக்கு அப்படித்தானே கேட்டிருக்கும்? நினைத்ததும் கோபம் வந்தது. என்னுடையது மந்திரம். முனகல் இல்லை.

நவம்பர் 30

ஊருக்கு வந்துவிட்டோம். குரல் மொத்தமும் போய்விட்டது. பேத்தி வேளாங்கண்ணி தன் பழைய சிலேட்டைத் துடைத்துக் கொடுத்தாள். அதில் எழுதித்தான் பேசுகிறான். வியாகுலம் வந்து, உடம்பைக் கவனிக்காமல் விட்டாயே என்று கத்தித் தீர்த்தாள். அவன் எதையோ எழுதிக் காட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கண்ணி படித்துச் சொன்னாள்: "காது நல்லாத்தான் இருக்கு அத்தை, மெதுவாத் திட்டுங்க." வியாகுலம் சிரித்தாள். பிறகு வெளியே போய் அழுதாள்.

1970 ஜனவரி 6

காலையில் கஞ்சி கொடுக்கும்போது சிலேட்டை என் பக்கம் திருப்பினான்.

"அம்மா, அங்க யாராவது இருக்காங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எங்கே என்று கேட்டேன். கண்ணால் மேலே காட்டினான்.

உபதேசியார் கேட்கிற கேள்வியா இது! ஆதியும் அந்தமும் இல்லாதவர், எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர் என்று ஞானோபதேசத்தில் உள்ளபடி மளமளவென்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். இல்லை என்கிற ஆட்டல். துடைத்துவிட்டு எழுதினான்: "அது நான் சொல்லிக் குடுக்கறது. நீ சொல்லு."

அதைத்தானே சொன்னேன்? வேறு என்ன சொல்வது?

ஜனவரி 7

ராத்திரி முழுதும் அவன் மேல் கோபம். இவனுக்கு நாக்கில் மந்திரம் வைத்தவள் நான்.

பிப்ரவரி 15

கேழ்வரகு அடித்து வீட்டுக்கு வந்தது. யாருக்கும் சந்தோஷமில்லை.

இன்று நீளமாக எழுதினான். சிலேட்டு போதாமல் துடைத்துத் துடைத்து எழுதினான். இருபது வருஷம் பேசினேன் அம்மா. இப்போது பேச்சு நின்றுபோனதும் உள்ளே பார்க்கிறேன். பேசினது மட்டும்தான் இருக்கிறது. யாரைப் பற்றிப் பேசினேனோ அவரைக் காணோம். பயமாக இருக்கிறது.

பயமாக இருக்கிறது என்பதை மட்டும் துடைக்காமல் வைத்திருந்தான். நான் துடைத்தேன். கண்ணி பார்த்துவிடக் கூடாது.

அப்புறம் கேட்டான். சாகும்போது அவன் காதில் மந்திரம் வேண்டாமாம். எனக்கே சொந்தமாகத் தெரிந்தது ஒன்று இருந்தால் அதைச் சொல்ல வேண்டுமாம். ஒரு வார்த்தை போதுமாம்.

"சொல்றண்டா. பெத்தவளுக்குத் தெரியாதா" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10

சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசினார், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுவது. அருள்சாமி மறுக்கவில்லை. நெற்றியையும் கையையும் காட்டினான். ஊர் பார்க்கிறதே என்று காட்டினானோ என்னவோ.

வெளியே வந்ததும் சாமியாரிடம் கேட்டேன், சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் என்ன சொல்வது என்று. இளவயசுக்காரர், நல்ல மனுஷன். "அன்புன்னு சொல்லுங்க பாட்டிம்மா. அதுக்கு மேல எங்களுக்கும் தெரியாது" என்றார்.

அன்பு. அதை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு அருள்சாமி மேல் அன்பு இல்லையா? என் அன்பால் அவனை ஒரு மடக்குக் கஞ்சி விழுங்க வைக்க முடியவில்லையே. அவருடைய அன்பும் இப்படிப்பட்டதுதான் என்றால் அதைப் போய் அவன் காதில் எதற்குச் சொல்ல வேண்டும்? இப்படிப்பட்டது இல்லை என்றால் அதற்கு அன்பு என்று ஏன் பேர்?

ஏப்ரல் 2

கிணற்று மேட்டில் தீர்த்தகிரியைப் பார்த்தேன். போன ஆடியில் அவன் பெண்டாட்டி போய்விட்டாள். எங்கள் சாமி பேசுவதேயில்லை, உங்கள் சாமியை நீ என்னவென்று நினைக்கிறாய் என்று கேட்டேன். இந்த வயசில் இவனிடம் கேட்க வேண்டியதாயிற்று.

"நான் எங்கக்கா நெனைக்கறேன்? கேக்கறதோட சரி. மழை கேப்பேன், மாட்டுக்குக் கேப்பேன்" என்றான். அவர்கள் கோயிலில் பூசாரி மேல் சாமி வந்து பேசும். பெண்டாட்டி படுத்திருந்தபோது கேட்டானாம். ஒன்றும் ஆகாது, எழுந்திருப்பாள் என்று சொன்னதாம்.

தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றை மாட்டிலிருந்து அவிழ்த்தான்.

"உங்க சாமி பேசறதேயில்லைங்கறீங்க. எங்க சாமி பேசி ஏமாத்துச்சு. எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்கக்கா."

மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 19

லூர்துவும் கண்ணியும் சந்தைக்குப் போனார்கள். அவன் தூங்குகிறான். மந்திரத்தில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, எனக்கே சொந்தமாக அதில் ஏதாவது தெரியுமா என்று எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா. என் அப்பன் சாராயம் குடித்துவிட்டு வந்து என் சிலேட்டை உடைத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினவன். அந்த அப்பன் மாதிரி இல்லை. பிறகு எந்த அப்பன் மாதிரி?

ராஜா. நான் ராஜாவைப் பார்த்ததில்லை. ஒருமுறை கலெக்டர் ஜீப்பில் போனார். புழுதியைத்தான் பார்த்தேன்.

வெளிச்சம். சித்திரை வெயிலும் வெளிச்சம்தான். கொள்ளுக் காடு கருகிக் கிடக்கிறது.

மேய்ப்பன். ஆடு மேய்க்கிறவர்களை எனக்குத் தெரியும். நொண்டிக் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். எதற்கு வளர்க்கிறார்கள்? சந்தைக்கு.

கோடு போட்டு அடித்துவிட்டேன். நான் எழுதினதா இது? பயமாக இருக்கிறது.

எந்த வார்த்தையை எடுத்தாலும் அது இங்கே கிடக்கிற ஏதோ ஒன்றின் பேராக இருக்கிறது. இங்கிருந்து எடுத்து அங்கே ஒட்டினால் உதிர்ந்து விழுகிறது. எல்லாம் உதிர்ந்துவிட்டால் மிச்சம் என்ன? சர்வேசுரன் என்றபோது வாய் நிறைந்தது, சரி. வாய் நிறைந்ததா, அவர் நிறைந்தாரா? இத்தனை பேர் காதில் நான் ஊதினது எதை? கஸ்பார் எதைக் கேட்டுக்கொண்டு போனார்?

எனக்குத் தெரியாது என்று அவனிடம் சொல்லிவிடலாமா?

மே 3

சொல்லப் போனேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்ட சிரிப்பு. போர்வையைச் சரி செய்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 14

எழுதவும் முடியவில்லை அவனுக்கு. பலப்பம் விரலில் நிற்பதில்லை.

ஜூலை 22

அருள்சாமி போய்விட்டான்.

ஜூலை 31

எட்டாம் நாள் பூசையும் முடிந்தது. இன்றைக்குத்தான் நோட்டை எடுத்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில்தான். பால்காரன் வந்துபோன நேரம். மூச்சு மாறினது தெரிந்ததும் லூர்து ஆள் அனுப்பிவிட்டாள். ஊரே வந்துவிட்டது. சுவரோரம் முழங்காலில் நின்று செபமாலை தொடங்கினார்கள். எல்லோருக்கும் கண் என் மேல்தான், மகனுக்குச் சொல்லப்போகிறாள் என்று. நான் குனிந்தேன்.

கண்ணைத் திறந்தான். நினைவு தெளிவாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, காதை என் பக்கமாக — தானாக — கொஞ்சம் திருப்பிக் கொடுத்தான். காத்துக்கொண்டிருந்தான். பால் கேட்கிற பிள்ளை வாயைத் திறந்துகொண்டு இருக்குமே, அந்த மாதிரி.

மந்திரம் வேண்டாம் என்று சொன்னவன். மந்திரம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என்னுடையது என்று ஒன்றைத் தேடினேன். ஐயோ, ஒண்ணுமில்லையே. ஒண்ணுமே இல்லையே எங்கிட்ட. தங்கமேன்னாவது சொல்லியிருக்கலாமே. அதுகூட வரலியே.

ஊர் பார்க்கிறது. உதட்டை அசைத்தேன். சத்தமில்லாமல். மந்திரம் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அசைத்தேன். அவன் கண் ஓரமாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அசைக்கிறேன், ஒன்றும் வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை.

"பெத்த மகனுக்கே கல்லு மாதிரி நின்னு சொல்லிச்சே" என்று அடக்கத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

டிசம்பர் 25

பூசைக்குப் போனேன். எல்லோரும் புதிய மந்திரத்துக்குப் பழகிவிட்டார்கள். நான் எதையும் சொல்லவில்லை. தொண்டைக் கட்டு என்றேன். அவன் தொண்டையைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

1971 மார்ச் 2

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப்போனார்கள், ஒரு கிழவிக்கு. மகனுக்கே சொன்னவள் என்று பேர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. போனேன். குனிந்தேன். அசைத்தேன். சேலை வைத்து மரியாதை செய்தார்கள்.

உதடு பழகிவிட்டது.

ஆகஸ்ட் 15

கண்ணி கேட்டாள், ஆயா, அப்பா காதில் என்ன சொன்னாய் என்று. அது போகிறவர் காதுக்கு மட்டும், கேட்கக் கூடாது என்றேன். தலையாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். முறை என்று ஒன்று இருப்பது எவ்வளவு வசதியாக இருக்கிறது.

1972 ஏப்ரல் 9

மழையில்லை. தீர்த்தகிரி கோயிலில் இந்த வருஷமும் சாமி பேசியதாம். மழை வரும் என்றதாம்.

1973 ஜனவரி 10

வியாகுலம் படுத்துவிட்டாள். கால் வீக்கம், மூச்சு வாங்குகிறது. ஆள் மேல் ஆள் அனுப்புகிறாள், மிக்கேலைக் கூப்பிடு என்று. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு முட்டி வலி இல்லை.

ஜனவரி 29

இன்று போனேன். தேறிவிடுவாய் என்றேன். "உம் பொய்ய எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போ" என்றாள். நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பிறகு என் கையைத் தட்டி, பயமில்லை மிக்கேலு, நீ இருக்கிறாய் அல்லவா என்றாள். இதற்குத்தான் வராமல் இருந்தேன்.

பிப்ரவரி 12

மத்தியானம் கூப்பிட வந்தார்கள். லூர்துவும் கூட வந்தாள். பெண்கள் சுவரோரம் முழங்காலில் நின்றார்கள். லூர்து புதுப் புத்தகத்தைப் பிரித்து எழுத்துக்கூட்டிச் செபத்தை நடத்தினாள். அருள்சாமி வைத்திருந்த புத்தகம். நான் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தேன். உதட்டை அசைத்தேன்.

கண்ணைத் திறந்தாள்.

"ஏண்டி, சத்தமே வரலியே."

இன்னும் கிட்டே குனிந்து அசைத்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ.

"சத்தமாச் சொல்லு. எனக்குச் சொல்றத எனக்குக் கேக்கறாப்பல சொல்லு."

லூர்து பின்னால் வாசித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்காது. காதோடு காதாகச் சொன்னேன், முறைப்படி.

"சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லடி வியாகுலம். அருள்சாமிக்கும் ஒண்ணும் சொல்லல. வாயத்தான் அசைச்சேன்."

என்னையே பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசட்டும் என்றுகூட இருந்தது. இத்தனை வருஷம் என்னை நம்பிக்கொண்டு கிடந்தவள். மூச்சை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்பச் சும்மா உக்காரு. எந்திரிச்சுப் போயிராத."

உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் மூச்சு இருந்தது. அவளும் அப்புறம் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முந்தானையை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்தேன்.

வாசலில் அவள் மகன் நின்றிருந்தான். நல்லபடியாகச் சொன்னீர்களா பெரியம்மா என்று கேட்டான்.

"சொல்லலப்பா. உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. பந்தலுக்கு ஆள் பார்க்கப் போய்விட்டான்.